புதன்கிழமைக்குள் ஓட வேண்டிய வண்டி

மீட்டர்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவர் பார்த்த வேலை. நாய் துரத்தியிருக்கிறது, குழி மூடியைத் தூக்கியபோது உள்ளேயிருந்து தேள் ஏறி வந்திருக்கிறது, பில் அதிகமென்று சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு. எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷன் என்று பேர் எடுத்தவர்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஆற்றுப் பாலத்தின் நடுவில், மனைவியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்: "யாராச்சும் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்! மூஞ்சில தெளிக்கணும்!"

அந்த அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தக் கரையில், வீடு இந்தக் கரையில். ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, முன் சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைத்துக் கூட்டிப் போய்க் கூட்டி வந்துகொண்டிருந்தார். போன வாரம் பாலத்தின் தூண் ஒன்றில் விரிசல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், இரண்டு முனையிலும் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிவிட்டார்கள். நடப்பவர்களும் இருசக்கர வண்டியும் மட்டும் புகுந்து போக இடைவெளி.

மலையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதில்தான் போனார்கள். வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள். போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். கெஞ்சிக் கேட்டதில் பாதி நேரம்தான் கிடைத்தது. அதனால் திங்கட்கிழமை பாலத்தை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் ஆட்டோ பிடித்தார்கள். போகும்போது சமாளித்துவிட்டாள். உடம்பிலிருந்து தண்ணீரை முடிந்தமட்டும் உறிஞ்சி எடுத்தபின் திரும்பி வரும்போதுதான், ஒரு வார்த்தையும் சொல்லாமல், துணி கொடியிலிருந்து நழுவுவதுபோல் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி வந்து வீட்டில் விட்டார்கள். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "நான் இனிமே அந்தப் பாலத்துல நடக்க மாட்டேன். நடந்துதான் ஆகணும்னா என்னைக் கூப்பிடாதீங்க, இங்கயே படுத்துக்கறேன்."

இங்கேயே படுத்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். முன்பு ஒருமுறை காய்ச்சலில் டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாளே நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்த நிலையில் மீன்போல வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாள்.

எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் காலையில் வேலைக்குப் போனால் இருட்டியபின்தான் வருவார். திரும்பக் கூட்டி வருவது யார்? அதுவும் பாதி மயக்கத்தில் இருப்பவளை?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மீட்டர்காரர் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையைத் திறந்தார். உள்ளே, உடைந்த நாற்காலிகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே, ஒரு கனத்த போர்வையின் அடியில் நின்றிருந்தது அவருடைய மோட்டார் சைக்கிள். வேலைக் காலம் முழுக்க அவரைச் சுமந்த வண்டி. கார் வந்த அன்று உள்ளே தள்ளியதுதான். "வித்துத் தொலைங்க, இடமாச்சும் மிச்சமாகும்" என்று அவள் சொல்லாத மாதமில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்று அவரும் நாளைக் கடத்திவிட்டார்.

போர்வையை இழுத்தார். மேல்பாதிதான் கையோடு வந்தது. கீழ்ப்பாதி இல்லை. குப்பென்று ஒரு மூத்திர நெடி மூக்கில் ஏறியது.

சீட்டைக் குடைந்து பஞ்சை எடுத்திருந்தது எலி. டேங்குக்கு அடியில் ஓடும் ஒயர்க் கட்டு மொத்தமும் தோல் உரிந்து செம்பு பல்லிளித்தது. பெட்ரோல் டியூப் இருந்த இடத்தில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது. ஏர் பில்டர் பெட்டியின் ஓரத்தில் கோலிக்குண்டு நுழையும் அளவுக்கு ஓட்டை. அங்கேயே பெயிண்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் சுவரைப் பிடித்தபடி பின்வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வண்டியா நிறுத்தி வெச்சிருந்தீங்க? எலிக்கு மாடி வீடில்ல கட்டிக் குடுத்திருக்கீங்க! அது என் நல்ல போர்வை வேற."

"இப்ப பேசாத. உள்ள போய்ப் படு."

"படுத்தாத்தான் மூச்சு முட்டுதே. நாற்காலி போடுங்க, உக்காந்து பாக்கறேன்."

அவர் திரும்பி அவள் பாதங்களைப் பார்த்தார். காலையிலேயே வீங்கத் தொடங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட குறை இன்னும் தீரவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

தெருமுனையில் மெக்கானிக் பட்டறை. நடத்துபவர் ஒட்டடைக் குச்சிபோல் நெட்டையாய் ஒல்லியாய் இருப்பார். எல்லாரும் அவரை 'ஒட்டடை' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். மீட்டர்காரர் போனபோது பட்டறை வாசலில் தூசி படிந்த வண்டிகள் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்து நின்றன. பாலத்தில் கார் போகாது என்றதும் ஊரே பழைய வண்டியை வெளியே இழுத்திருக்கிறது.

"சார், இன்னிக்கு சத்தியமா முடியாது. ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டாங்க" என்றார் ஒட்டடை, குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

"நாளைக்குக் காலையில அவளை மெஷின்ல படுக்க வைக்கணும்பா."

ஒட்டடை நிமிர்ந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், புது பெட்ரோல் டியூப், ஒரு சுருள் ஒயர், ஒட்டும் டேப், பிளக், கார்ப்பரேட்டர் கழுவும் மருந்து, பழைய வண்டியில் கழற்றிய ஏர் பில்டர் என்று ஒரு பையில் போட்டார்.

"நீங்களே பாருங்க சார். அந்த வண்டியைப் பிரிச்சுப் போட்டு மாட்டினவர்தானே நீங்க? பேட்டரி செத்திருக்கும், கவலைப்படாதீங்க, கிக்கர்லயே எடுக்கும். ஒரு ஒயர் விடாம சுத்துங்க. எங்கயாச்சும் செம்பு பாடியில பட்டா, நீங்க சாயங்காலம் வரைக்கும் உதைச்சாலும் எந்திரிக்காது. சாயங்காலம் ஒரு எட்டு வந்து பாக்கறேன்."

திரும்பி வந்து ஏர் பில்டர் பெட்டியைத் திறந்ததும் மீட்டர்காரர் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். உள்ளே போர்வை நூலும் சீட்டுப் பஞ்சும் கலந்து பந்துபோல் ஒரு கூடு. அதன் நடுவே, கண் திறக்காத, ரோஜா நிறத்தில் விரல் நுனி அளவுக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. தாய் எலி எந்த வழியில் ஓடியது என்று தெரியவில்லை.

"வெளிய தூக்கிப் போடப் போறேன்" என்றார்.

"போடாதீங்க! சுவத்து மேல பூனை உக்காந்திருக்கு பாருங்க."

"இதுங்களாலதான் நாம இப்படி நிக்கிறோம்!"

"அதுங்க என்ன பண்ணிச்சு, இன்னும் கண்ணே தொறக்கல. அந்த மூலையில வைங்க. அதோட அம்மா வந்து தூக்கிட்டுப் போயிடும்."

அவளோடு வாதாட அன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை. கூட்டை அப்படியே முறத்தில் அள்ளி, கொட்டகையின் மூலையில், நாற்காலிகளுக்குப் பின்னால் வைத்தார்.

பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. டேங்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலைக் கொட்டினார். வார்னிஷ் மாதிரி கெட்டியாகப் பிசுபிசுவென்று வந்தது. கார்ப்பரேட்டரைப் பிரித்து, அதன் ஊசித் துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்தி, மருந்தில் ஊறப்போட்டார். சக்கரத்துக்குக் காற்றடித்து, டயரில் காதை வைத்துக் கசிகிறதா என்று கேட்டார். பிரேக்கை இறுக்கினார். பின் ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, கடிபட்ட இடத்தை வெட்டி, புதுத் துண்டு முறுக்கி, டேப் சுற்றினார். கிட்டப் பார்வை மங்கிப்போன கண். பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரிந்தன. அவள்தான் நாற்காலியில் இருந்தபடியே நிறம் சொன்னாள்.

மத்தியானத்துக்கு மேல் பிளக்கைக் கழற்றி, ஒயர்த் தொப்பியில் செருகி, இன்ஜின் மேல் படும்படி சாய்த்து வைத்தார்.

"இதையே பாத்துட்டு இரு. நான் உதைக்கிறேன். நீலமா ஒரு பொறி வந்தா சொல்லு. கை வெச்சிடாத."

உதைத்தார். "இல்லை" என்றாள். மறுபடி உதைத்தார். "இல்லீங்க." முழங்கால் சுளீரென்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னும், இன்னும். ஒவ்வொரு உதைக்கும் அவள் தலையை ஆட்டினாள். கடைசியில் அவர் கிக்கரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஹேண்டிலில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருக்கும் மகள் போன் பண்ணினாள். "அப்பா, அந்தப் பழைய வண்டியில அம்மாவை ஏத்தப் போறீங்களா? உங்களுக்கென்ன பைத்தியமா? நடுவழியில நின்னா என்ன பண்ணுவீங்க?"

"அப்ப நீ வந்து தூக்கிட்டுப் போ!" என்று கத்திவிட்டுப் போனை அணைத்தார். மகளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "என் மேல இருக்கற கோவத்தை அவ மேல காட்டாதீங்க" என்றாள்.

"உன் மேல எனக்கென்ன கோவம்?"

"இப்படிப் படுத்தறேன்னுதான்."

அவர் முகத்தைக் காட்டாமல் வண்டியின் மறுபக்கம் போய்க் குனிந்தார். அப்படிக் குனிந்ததால்தான் கண்ணில் பட்டது. வண்டியை அணைக்கும் ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர், ஹேண்டில் திரும்பும் கழுத்துக்கு உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஒரு நகக்கண் அளவு கடிபட்டு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது பாடியில் பட்டுக்கொண்டே இருந்தால் வண்டி அணைத்த வண்டிதான். எத்தனை உதைத்தாலும் பொறி வராது. டேப்பைப் பல்லால் கிழித்துச் சுற்றினார். உதைத்தார்.

"வந்துச்சு! வந்துச்சுங்க! பளிச்சுன்னு!" நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். எழுந்த வேகத்தில் மூச்சிரைத்து மறுபடி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஒட்டடை வந்து சேர்ந்தபோது, வண்டி கருப்புப் புகையும் வெள்ளைப் புகையுமாகக் கக்கிக்கொண்டு, இருமலும் தும்மலுமாக ஓடிக்கொண்டிருந்தது. கார்ப்பரேட்டரின் காற்றுத் திருகைச் சற்றே திருப்பிச் சத்தத்தைச் சீராக்கினார். தெருவின் கோடிவரை மீட்டர்காரரை ஓட்டிவரச் சொன்னார். திரும்புகிற இடத்தில் வண்டி தடுமாறியது. கால் ஊன்றிச் சமாளித்தார். "கை மறக்கல சார், பயம்தான் புதுசா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒட்டடை பட்டறைக்கு ஓடினார். மீட்டர்காரர் வண்டியைத் துடைத்து, கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

புதன்கிழமை காலை அவளால் முழு வாக்கியம் பேச முடியவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. அவளை வாசல் திண்ணையில் ஏற்றி நிறுத்தி, அங்கிருந்து சீட்டுக்கு நகர்த்தி உட்கார வைத்தார். ஒரு நீளத் துண்டால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். வண்டி மூன்றாவது உதைக்கே எழுந்தது. "நல்ல சகுனம்தான்" என்று முனகிக்கொண்டார்.

கான்கிரீட் கட்டைகளின் இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். பாலம் நீண்டு கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் எறும்புச் சாரையாக ஊர்ந்தன. கால்வாசி தூரம் போயிருப்பார்கள். பெட்ரோல் வாசம் அடித்தது. முன்னால் போகிற வண்டியாக இருக்கும் என்று நினைத்தார். வாசம் விடவில்லை. இடது காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தார். பேண்ட் நனைந்திருந்தது. டியூபிலிருந்து சொட்டுச் சொட்டாக இன்ஜின் மேல் விழுந்து, விழுந்த கணமே ஆவியாகிக்கொண்டிருந்தது.

சூடான இன்ஜின், பெட்ரோல், பின்னால் தன்னோடு சேர்த்துக் கட்டப்பட்ட மனைவி. ஒரு பொறி போதும். அவசரமாக அணைத்து, ஓரம் கட்டி, டேங்கின் பெட்ரோல் வால்வை மூடினார். இடுப்புத் துண்டின் முடிச்சு லேசில் அவிழவில்லை, பிடித்து இழுத்து அவிழ்த்தார். பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன்.

"என்ன... ஆச்சு?"

"இறங்கு. அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. வண்டிகிட்ட வராத."

அவளைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வந்து பார்த்தார். நேற்று மாட்டிய புதிய டியூப். கார்ப்பரேட்டரில் செருகியிருக்கும் முனைக்குச் சற்று மேலே, வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். ராத்திரி வந்திருக்கிறது, தாய் எலி. குட்டிகளைத் தேடி வந்தது இதையும் ஒரு கடி பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"பாத்தியா! நீ பாவம் பாத்தியே, பாத்தியா அதை!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். நாலு பேர் நிற்கிற இடம் என்றும் பார்க்கவில்லை. "வெளிய போட்டிருந்தா இது நடந்திருக்குமா? செத்தா ரெண்டு பேரும் சேர்ந்து சாகணும்னுதான் கட்டிக்கிட்டு வந்தோமா?"

அவள் பதிலுக்குக் கோபிக்கவில்லை. தோளிலிருந்த பையைத் திறந்து, உள்ளே துழாவி, எதையோ எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியை வெட்டுவதற்கு அவள் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோல்.

"கடிச்ச இடத்தை... வெட்டிட்டு... மாட்டுங்க. நீளமா... இருக்குல்ல."

அவர் கத்தரிக்கோலையே வெறித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். டியூபை இழுத்துக் கழற்றி, பல் பட்ட பகுதியை நறுக்கினார். மீதி நீளம் போதுமா என்பதுதான் கேள்வி. பிடித்து இழுத்தார், மயிரிழை குறைந்தது. ஒயருக்கு மேலாகச் சுற்றி வந்த டியூபை எடுத்து நேர்வழியில் விட்டார். மறுபடி இழுத்தார். கட்டைவிரல் நகம் மடங்கி ரத்தம் கசிய, முனை மெல்ல ஏறி உட்கார்ந்தது. சட்டை வாலால் இன்ஜினைத் துடைத்தார். வால்வைத் திறந்துவிட்டுக் கையை டியூபுக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளங்கை உலர்ந்தே இருந்தது.

பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்: "பெரியவரே, தள்ளி விடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க. ஆவி எல்லாம் போகட்டும்."

ஹார்ன் அடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் அசையவில்லை. காற்று நன்றாக அடித்து வாசம் விட்டபின்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்து, துண்டைக் கட்டி, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி உதைத்தார். முதல் உதையில் வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. மூன்றாவதில் இருமியது, நான்காவதில் எழுந்தது. மீதிப் பாலம் முழுக்க அவர் சாலையைப் பார்த்ததைவிடத் தன் இடது காலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. நர்ஸ் அவளை எடை போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி ஏறியிருக்கே, இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..." என்று இழுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். "ஐயா, உங்க மேல பெட்ரோல் நாத்தம். மொதல்ல போய்க் கால் கழுவிட்டு வாங்க." அவர் குழாயடிக்குப் போய்க் காலையும் கையையும் கழுவினார். கழுவி முடித்தும் குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும் பயணம்தான் அவருக்கு நிஜமான பரீட்சை. அவள் உடம்பிலிருந்து தண்ணீர் இறங்கி, காற்றுப் போன பை மாதிரித் துவண்டிருந்தாள். பாலத்தில் ஏறியதும் அவள் தலை அவர் முதுகில் சாய்ந்தது. கனத்தது. அவர் இடுப்பைச் சுற்றியிருந்த கை தளர்ந்தது.

"தூங்கிட்டியா?"

பதிலில்லை.

"இந்தா, உன்னைத்தான். தூங்கிட்டியா?"

திரும்பிப் பார்த்தால் வண்டி சாயும். நிறுத்தினால் அவள் சாய்வாள். ஒரு கையை எடுத்துப் பின்னால் துழாவப் பயம். முதுகில் அவள் மூச்சு படுகிறதா என்று கவனித்தார். எதிர்க்காற்றில் ஒன்றும் தெரியவில்லை. ஒரே வேகத்தில், நடப்பவர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில், உருட்டிக்கொண்டே போனார். "ஏம்மா, ஒரு வார்த்தை பேசேன். திட்டவாச்சும் திட்டேன்" என்று காற்றோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

பாலம் முடிகிற இடத்தில் வண்டி ஒரு குழியில் விழுந்து ஏறியது. முதுகிலிருந்து குரல் வந்தது. "பள்ளம் பாத்து ஓட்ட மாட்டீங்களா? எத்தனை தடவை கூப்பிடுவீங்க, கண்ணசந்தா ஆகாதா?"

மீட்டர்காரர் வீட்டு வாசலில் கால் இரண்டையும் ஊன்றி நின்று, துண்டை அவிழ்த்தார். அவள் இறங்கி உள்ளே போனபிறகும் வெகுநேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மகளுக்குப் போன் செய்தார். "அம்மா தூங்கறா. நல்லா இருக்கா" என்றார். "நீங்க எப்படி இருக்கீங்கப்பா?" என்று அவள் கேட்டதும், "நேத்து உன்கிட்ட கத்திட்டேம்மா" என்றார்.

பாலத்தின் தூணைச் சரிசெய்து கார்களை விட அடுத்த மழைக்காலம் ஆயிற்று. அதுவரை வாரம் மூன்று நாள் அந்த வண்டிதான். கொட்டகைக்கு அதைத் திரும்ப அனுப்பவில்லை. முன்னறையில், சோபாவை ஒதுக்கிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டார். தரையெல்லாம் எண்ணெய்க் கறை என்று அவள் சலித்துக்கொள்ளாத நாளில்லை. அவர் பழைய செய்தித்தாளை மாற்றி மாற்றி விரிப்பார். காலையில் எழுந்து பல் விளக்கும் முன்பே டார்ச் அடித்து டியூபையும் ஒயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்.

அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று அவள் ஒருநாள் கேட்டாள். அன்றைக்கே கூடு காலியாகிவிட்டது, அம்மாக்காரி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப எங்கயோ நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கும். அரிசி டப்பாவை இறுக்கி மூடி வைங்க" என்றாள்.